நடக்காத கடந்தகாலமும் இயலுமையும்: ஆங்கில மோடல் துணைவினைகளை ஜொகூர்த் தமிழர் கற்கும் முறை

கடந்த காலத்தில் ஒரு செயலைச் செய்யும் ஆற்றல் ஒருவரிடம் இருந்தும் அவர் அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். அல்லது சூழல் வேறாக இருந்திருந்தால் அந்த ஆற்றல் அவருக்குக் கிடைத்திருக்கும் என்ற நிலை இருக்கலாம். இரண்டிலும் செயல் நடக்கவில்லை. நடக்காத அச்செயலுக்கான இயலுமையை ஆங்கிலம் 'குட் ஹேவ்', 'வுட் ஹேவ் பீன் ஏபிள் டு' ஆகிய தொடர்களால் சொல்கிறது. முதல் தொடர் ஒரே வடிவில் மூன்று வெவ்வேறு பொருள்களைத் தாங்கி வருவதால், ஆங்கிலத்தை இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகக் கற்போர் இந்தப் பகுதியில் அதிகம் தடுமாறுகிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றும் அன்றாடம் புழங்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இத்தடுமாற்றத்தின் காரணங்களும் அதைக் கடக்கும் வழியும் தெளிவாகத் தெரிகின்றன.

இரு வகை இயலுமை

ஜொகூரின் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவின் வடக்கிலிருந்து வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் படையின் தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் ஐவன் சிம்சன், ஜொகூரிலும் சிங்கப்பூரின் வடகரையிலும் தற்காப்பு அரண்களை உடனே கட்ட வேண்டும் என்று தளபதி பெர்சிவலிடம் வற்புறுத்தினார். அத்தகைய வேலை படையினரின், பொதுமக்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று கூறி பெர்சிவல் மறுத்துவிட்டார். 1942 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படை சிங்கப்பூர்த் தீவுக்குள் பின்வாங்கி, ஜொகூரை அதனோடு இணைக்கும் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

இந்நிகழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதலாம். ஒன்று: 'தே குட் ஹேவ் பில்ட் டிஃபென்சஸ்.' அவர்கள் அரண்களைக் கட்டியிருக்கலாம் என்பது பொருள். ஆளும் பொருளும் கைவசம் இருந்தன என்பதே சிம்சனின் வாதம். ஆற்றல் உண்மையில் இருந்தது, செயல்தான் நடக்கவில்லை. மற்றொன்று: 'வித் மோர் ஏர்கிராஃப்ட், தே வுட் ஹேவ் பீன் ஏபிள் டு ஹோல்ட் ஜொகோர்.' கூடுதல் விமானங்கள் இருந்திருந்தால் அவர்களால் ஜொகூரைக் காக்க முடிந்திருக்கும் என்பது பொருள். இங்கே செயலோடு ஆற்றலும் கற்பனை. விமானங்கள் இல்லை, அதனால் காக்கும் ஆற்றலும் இல்லை.

முதல் வாக்கியம் ஒரு முடிவைக் குறை சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் ஒரு பற்றாக்குறையைச் சுட்டுகிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு பதில்களைத் தருகின்றன. வரலாறு, சட்டம், விபத்து விசாரணை, காப்புறுதிக் கோரிக்கை ஆகியவற்றில் இந்த வேறுபாடு பெரிய விளைவுகளை உண்டாக்கக்கூடியது.

'குட்' மட்டும் போதாமல் போகும் காரணம்

'குட்' என்பது 'கேன்' என்ற மோடல் துணைவினையின், அதாவது இயலுமை, ஊகம் போன்றவற்றைக் காட்டும் துணைவினையின், கடந்தகால வடிவம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவினைக்கு 'அறிதல்' என்று பொருள். அறிந்திருத்தல் என்பதிலிருந்து செய்யத் தெரிதல், பிறகு செய்ய இயலுதல் என்று பொருள் விரிந்தது. எழுத்தில் நின்று உச்சரிப்பில் ஒலிக்காத 'எல்' என்ற எழுத்து, 'வுட்', 'ஷுட்' ஆகிய சொற்களைப் பார்த்துப் பின்னாளில் சேர்க்கப்பட்டது.

கடந்த காலத்தில் நீண்ட நாள் நிலவிய பொதுத் திறமையைச் சொல்ல 'குட்' பொருந்தும். 'ஹி குட் ஸ்விம் வெல்' என்றால் அக்காலத்தில் அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஒருமுறை முயன்று முடித்த செயலைச் சொல்ல அது பொருந்தாது. நேற்றிரவு கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட்டார் என்று சொல்ல 'வாஸ் ஏபிள் டு', 'மேனேஜ்ட் டு' ஆகியவையே வரும். எதிர்மறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'ஹி குடன்ட் கேட்ச் த பஸ்' என்பது சரியான வாக்கியமே. பார்த்தல், கேட்டல் போன்ற புலன்வினைகளோடும் 'குட்' தடையின்றி வரும்.

'குட்' இரட்டை வேலை செய்கிறது. அது கடந்த காலத்தையும் காட்டும், நிகழ்காலத்தின் உறுதியின்மையையும் காட்டும். 'ஐ குட் கம் டுமாரோ' என்பதில் கடந்தகாலமே இல்லை, நாளை வர முடியலாம் என்ற தயக்கமான இயலுமை மட்டுமே இருக்கிறது. ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இதை உண்மையிலிருந்து விலகி நிற்கும் தன்மையாக விளக்குகிறது. கடந்தகால வடிவம் காலத்தில் விலகியதையும் குறிக்கும், உண்மையிலிருந்து விலகியதையும் குறிக்கும்.

'குட்' என்ற வடிவம் உண்மையிலிருந்து விலகியதைக் காட்டச் செலவாகிவிட்டால், கடந்தகாலத்தைக் காட்ட வேறோர் உறுப்பு வேண்டும். அந்த வேலையை 'ஹேவ்' ஏற்கிறது. அதைத் தொடர்ந்து வினையின் மூன்றாம் வடிவம் வருகிறது. 'குட்' உண்மையின்மையைத் தாங்க, 'ஹேவ்' காலத்தைத் தாங்குகிறது. இந்த வேலைப் பங்கீட்டைப் புரிந்துகொண்டவருக்கு 'குட் ஹேவ் கான்', 'குட் ஹேவ் டேக்கன்' ஆகியவை மனப்பாடமாக அல்லாமல் காரணத்தோடு அமைந்த தொடர்களாகத் தெரியும்.

'ஹேவ்' இடம் மாறிய கதை

இங்கே ஆங்கிலத்தின் ஒரு குறைபாடு வெளிப்படுகிறது. கடந்தகாலக் குறி செயலுக்கு உரியதா, ஆற்றலுக்கு உரியதா என்பதை 'குட் ஹேவ்' காட்டுவதில்லை. பணம் இருந்திருந்தால் நிலத்தை வாங்க முடிந்திருக்கும் என்ற கருத்தில் கடந்தகாலம் ஆற்றலுக்கே உரியது. ஆனாலும் ஆங்கிலம் 'ஐ குட் ஹேவ் பாட் த லேண்ட்' என்று 'ஹேவ்' என்பதை வாங்குதலோடு ஒட்டிவிடுகிறது.

'கேன்' என்ற சொல்லுக்கு இன்று எச்ச வடிவமோ மூன்றாம் வடிவமோ கிடையாது. அதனால் 'ஹேவ்' அதற்கு முன்னால் போய் நிற்க முடியாது. பழைய ஆங்கிலத்தில் இந்நிலை இல்லை. அக்காலத் துணைவினைகள் மற்ற வினைகளைப் போல எச்ச வடிவங்களை ஏற்றன. 16ஆம் நூற்றாண்டை ஒட்டி அவ்வடிவங்கள் வழக்கொழிந்தன. துணைவினைகள் தனி வகையாகப் பிரிந்த இந்த மாற்றத்தை டேவிட் லைட்ஃபுட் 1979இல் வெளியிட்ட வரலாற்றுத் தொடரியல் நூல் விரிவாக ஆராய்ந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'முடிதல்' என்ற வினைக்கு முழு வடிவங்கள் இருப்பதால், அம்மொழிகள் கடந்தகாலத்தை நேரடியாக ஆற்றலின் மேலேயே ஏற்றுகின்றன.

இழந்த வடிவத்துக்கு ஈடாக ஆங்கிலம் 'பி ஏபிள் டு' என்ற தொடரைப் பயன்படுத்துகிறது. 'வுட்' உண்மையின்மையையும், 'ஹேவ்' கடந்தகாலத்தையும், 'பீன் ஏபிள்' ஆற்றலையும் காட்டுகின்றன. நீளமான தொடர்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆற்றலே கற்பனையாக இருக்கும் இடத்தில் 'குட் ஹேவ்' என்றும் சொல்லலாம், 'வுட் ஹேவ் பீன் ஏபிள் டு' என்றும் சொல்லலாம். ஆற்றல் உண்மையில் இருந்து, செயல் மட்டும் நடக்காத இடத்தில் 'குட் ஹேவ்' மட்டுமே பொருந்தும்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் சொல் வரிசையாலேயே காட்டிவிடுகிறது. 'வாங்கியிருக்க முடியும்' என்பதில் 'இரு' என்ற துணைவினை வாங்குதலோடு சேர்ந்திருக்கிறது. 'வாங்க முடிந்திருக்கும்' என்பதில் அதே 'இரு' முடிதலோடு சேர்ந்திருக்கிறது. பேச்சுவழக்கில் முதல் வடிவம் இரண்டு பொருளுக்கும் வரும். என்றாலும், ஆற்றலே கற்பனை என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழர் இரண்டாம் வடிவத்தை இயல்பாகவே எடுக்கிறார்கள். 'வுட் ஹேவ் பீன் ஏபிள் டு' என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நிகரான அமைப்பு அது. இதைத் தமிழ் மாணவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, தம் வாயில் ஏற்கெனவே இருப்பதை அடையாளம் கண்டால் போதும்.

எழுவாயின் வேற்றுமையும் துணை செய்கிறது. 'நான் போயிருக்கலாம்' என்பதில் எழுவாய் உருபின்றி நிற்கிறது. 'என்னால் போயிருக்க முடியும்' என்பதில் 'ஆல்' உருபு ஏறுகிறது. ஆற்றலைப் பற்றிய பேச்சு என்பதை அவ்வுருபே அறிவித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஐ' என்ற ஒரே எழுவாய்தான்.

மூன்றாம் பொருள்: ஊகம்

'குட் ஹேவ்' தொடருக்கு ஊகப் பொருளும் உண்டு. செயல் நடந்ததா இல்லையா என்று பேசுபவருக்குத் தெரியாதபோது அது வரும். 'ஹி குட் ஹேவ் டேக்கன் த செகண்ட் லிங்க்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தின் வழியாக அவர் போயிருக்கக்கூடும் என்பது ஒரு பொருள். அந்த வழியாகப் போயிருக்கலாம், ஆனால் போகவில்லை என்பது மற்றொரு பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்றே.

இம்மயக்கத்தின் விளைவை விளக்க ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நடந்த நிகழ்வு பொருத்தமானது. 2019 மார்ச் மாதத்தில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சுவாயு பரவியது. பள்ளி மாணவர் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அந்த வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய பேரிடரைப் பற்றிய ஓர் அறிக்கையில் இரு வாக்கியங்கள் அடுத்தடுத்து வருவதாகக் கொள்ளலாம். 'த வேஸ்ட் குட் ஹேவ் பீன் டம்ப்ட் அட் நைட்': கழிவு இரவில் கொட்டப்பட்டிருக்கக்கூடும். 'த ஹார்ம் குட் ஹேவ் பீன் ப்ரிவென்டட்': பாதிப்பைத் தடுத்திருக்க முடியும். இலக்கண வடிவில் இரண்டும் ஒன்றே, பொருளில் எதிரெதிர். முதலாவது நடந்ததைத் தேடும் ஊகம். இரண்டாவது நடக்காத ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, அதில் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தை ஊகமாகப் படிப்பவர் 'பாதிப்பு தடுக்கப்பட்டிருக்கலாம் போலும்' என்று தவறாகப் புரிந்துகொள்ள நேரும்.

பொருளைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் உதவும். 'குட்' இருக்கும் இடத்தில் 'மே' போட்டுப் பார்ப்பது முதலாவது. செந்தர ஆங்கிலத்தில் 'மே ஹேவ்' ஊகத்துக்கே வரும் என்பதால், வாக்கியம் பொருள் மாறாமல் நின்றால் அது ஊகம். வாக்கியத்தின் இறுதியில் 'ஆனால் அப்படி நடக்கவில்லை' என்பதைச் சேர்த்துப் பார்ப்பது இரண்டாவது. முரணின்றிச் சேர்ந்தால் அது நடக்காத செயல். 'வுட் ஹேவ் பீன் ஏபிள் டு' என்று மாற்றிப் பார்ப்பது மூன்றாவது. பொருந்தினால் ஆற்றலும் கற்பனை என்று கொள்ளலாம். 'மைட் ஹேவ்' மட்டும் ஊகத்துக்கும் நடக்காத செயலுக்கும் வருவதால் சோதனைக்குப் பயன்படாது. ஒரே 'மைட் ஹேவ்' இவ்விரு பொருளையும் தரும் விதத்தை கிளியோ கொண்டொராவ்டி 2002இல் ஆராய்ந்தார். ஆட்டத்தில் ஒருவர் வென்றிருக்கக்கூடும் என்று இன்று ஊகிப்பது ஒரு நோக்கு. ஆட்டம் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் வெல்லும் வாய்ப்பு இன்னும் திறந்திருந்தது, பிறகு மூடிவிட்டது என்று சொல்வது மற்றொரு நோக்கு.

தமிழில் 'போயிருக்கலாம்' என்பதும் இதே இரு பொருளைத் தரும். ஆகவே ஆங்கிலத்தின் இந்த மயக்கம் தமிழருக்கு அந்நியமானதன்று. ஐயம் வந்தால் தமிழ் 'போயிருக்கக்கூடும்' என்று ஊகத்தையும், 'போயிருக்க முடியும்' என்று ஆற்றலையும் பிரித்துக்கொள்ளும். ஆங்கிலமும் 'மே ஹேவ்' என்பதைக் கொண்டு ஊகத்தைப் பிரித்துக்கொள்ளும்.

எதிர்மறையும் குறைகூறலும்

எதிர்மறையில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஐ குடன்ட் ஃபினிஷ் இட்' என்றால் உண்மையில் முடிக்க முடியவில்லை, வேலை நின்றுவிட்டது. 'ஐ குடன்ட் ஹேவ் ஃபினிஷ்ட் இட் விதவுட் யூ' என்றால் நீங்கள் இல்லாமல் முடித்திருக்க முடியாது, அதாவது வேலை முடிந்துவிட்டது. 'ஹேவ்' என்ற ஒரு சிறு சொல் தோல்வியை வெற்றியாக மாற்றிவிடுகிறது. 'ஹி குடன்ட் ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை நூன்' என்றால், நண்பகலுக்குள் அவர் முடித்திருக்க வாய்ப்பே இல்லை என்ற உறுதியான ஊகம். தமிழ் இம்மூன்றில் முதலாவதை 'முடிக்க முடியவில்லை' என்று தனியாக நிறுத்துகிறது. மற்ற இரண்டுக்கும் 'முடித்திருக்க முடியாது' என்ற ஒரே வடிவைப் பயன்படுத்தி, பொருளைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே தடத்தில் செல்கின்றன.

ஒப்பீட்டுச் சொல்லோடு வரும் எதிர்மறை தனிக்கவனம் கோருவது. 'த சர்வீஸ் குடன்ட் ஹேவ் பீன் பெட்டர்' என்ற வாக்கியத்தைச் சேவை சரியில்லை என்ற புகாராகப் படிப்போர் உண்டு. உண்மையில் அது பாராட்டு: இதைவிடச் சிறப்பாக இருந்திருக்கவே முடியாது. எதிர்மறையை நீக்கி 'குட் ஹேவ் பீன் பெட்டர்' என்று எழுதினால்தான் அது புகார்.

குறைகூறலும் 'குட் ஹேவ்' தொடரின் பணிகளில் ஒன்று. 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ' என்பது கேட்பவரின் ஆற்றலை அளப்பதற்காகச் சொல்லப்படுவதன்று, அவர் சொல்லாமல் விட்டதைப் பற்றிய வருத்தம். தமிழில் 'சொல்லியிருக்கலாமே' என்று ஓர் ஏகாரம் அந்த வருத்தத்தை முழுவதும் தாங்கிவிடும். ஆங்கிலத்தில் அதைக் குரலின் ஏற்ற இறக்கமே காட்ட வேண்டும். எழுத்தில் அக்குரல் கிடையாது. எனவே அலுவலகக் கடிதத்தில் மேலதிகாரிக்கு இத்தொடரை எழுதுபவர், அது குறைகூறலாகப் படிக்கப்படும் என்பதை முன்னறிந்து எழுத வேண்டும்.

நிபந்தனைத் தொடர்

ஆற்றல் கற்பனையாக இருக்கும்போது அதற்குரிய நிபந்தனையும் வாக்கியத்தில் வரும். ஆங்கிலத்தில் அது 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ குட் ஹேவ் ஹெல்ப்ட்' என்ற அமைப்பைப் பெறுகிறது. நிபந்தனைப் பகுதியில் 'ஹேட்', முடிவுப் பகுதியில் 'குட் ஹேவ்'. இரண்டு பகுதிகளும் ஓரடுக்கு பின்னால் தள்ளப்படுகின்றன. முறைசார்ந்த எழுத்தில் 'இஃப்' நீங்கி 'ஹேட் ஐ நோன்' என்று தொடங்குவதும் உண்டு.

இவ்வமைப்பும் தமிழருக்குப் பழக்கமானதே. தமிழின் நிபந்தனை எச்சம் கடந்தகால அடியின் மேல் கட்டப்பட்டது. 'நாளை வந்தால்' என்பதில் 'வந்த்' என்ற கடந்தகால அடி இருக்கிறது, கடந்தகாலப் பொருள் இல்லை. கடந்தகால வடிவத்தைக் காலத்துக்கு அல்லாமல் கற்பனைக்குப் பயன்படுத்தும் வழக்கம் தொடர்பில்லாத பல மொழிகளில் காணப்படுகிறது. சபீன் இயாட்ரிடூ 2000இல் எழுதிய ஆய்வு இதைக் கிரேக்கத்தையும் பிற மொழிகளையும் கொண்டு விளக்கியது. உண்மையிலேயே நடக்காத கடந்தகாலத்தைச் சொல்லத் தமிழ் இன்னும் ஓரடுக்கு சேர்க்கிறது: 'வந்திருந்தால்'. இந்த 'இரு' ஆங்கிலத்தின் 'ஹேட்' செய்யும் வேலையைச் செய்கிறது. முடிவுப் பகுதியிலும் 'உதவியிருக்க முடியும்' என்று அதே 'இரு' திரும்ப வருகிறது. தமிழில் இருமுறை 'இரு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் இருமுறை 'ஹேவ்' இனம் வரும் என்ற ஒரே நெறி, பள்ளி மாணவருக்குப் பல பக்க விதிகளைவிடப் பயன்படும்.

இந்நெறியை அறிந்தவர் இரு பொதுவான பிழைகளைத் தவிர்ப்பார். ஒன்று, நிபந்தனைப் பகுதியில் 'வுட் ஹேவ்' எழுதுவது. தமிழிலும் பொதுவாக 'வந்திருப்பேனானால்' என்று தொடங்குவதில்லை. மற்றொன்று, 'குட் ஹேவ்' தொடருக்குப் பின் வினையின் இரண்டாம் வடிவத்தை எழுதுவது. 'குட் ஹேவ் வென்ட்' தவறு, 'குட் ஹேவ் கான்' சரி. எழுத்துப்பிழை ஒன்றும் உண்டு. பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'குடவ்' என்று ஒலிப்பதால், 'ஹேவ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆஃப்' என்ற இடைச்சொல்லை எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடமும் இப்பிழை பரவலாக உள்ளது.

ஜொகூரின் மும்மொழிச் சூழல்

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தோன்றியவை. தமிழ்ப்பள்ளி மாணவர் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை தமிழ்வழியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்வழிக் கல்விக்கு மாறுகிறார். ஆங்கிலம் இரு கட்டங்களிலும் ஒரு பாடம். வேலைக்குச் செல்லும்போது, குறிப்பாக 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்வோருக்கு, ஆங்கிலமே எழுத்துமொழியாகிவிடுகிறது. பழுது அறிக்கை, விபத்து அறிக்கை, விளக்கக் கடிதம் ஆகியவற்றில் 'ஏன் செய்யவில்லை', 'செய்திருக்க முடியுமா' என்ற கேள்விகளே மையம். அவற்றுக்கான பதிலை 'குட் ஹேவ்' இல்லாமல் எழுதுவது கடினம்.

முற்காலத்தில் நிலைமை வேறு. 1914இல் ஜொகூர் பாருவில் நிறுவப்பட்ட ஆங்கிலக் கல்லூரி போன்ற ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்த சிறுபான்மையினர் இவ்வடிவங்களைப் பழக்கத்தாலேயே பெற்றனர். 1970இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிய பயிற்றுமொழி மாற்றத்தால் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாகத் தேசியப் பள்ளிகளாயின. அதன்பின் ஆங்கிலம் வகுப்பறைப் பாடமாகவே பெரும்பாலோரை எட்டுகிறது. பழக்கத்தால் வந்தது இனிப் பாடத்தால் வர வேண்டும் என்பதால் இலக்கண விளக்கத்தின் பங்கு கூடியிருக்கிறது. 2015 முதல் 2025 வரைக்கான ஆங்கிலமொழிக் கல்வித் திட்டம் ஐரோப்பியப் பொதுத் தரவரிசையை ஏற்று, இடைநிலைக் கல்வியின் முடிவில் பி1 அல்லது பி2 நிலையை இலக்காக வைத்தது. நடக்காத கடந்தகாலத்தை நிபந்தனையோடு சொல்லும் திறன் பொதுவாக அந்த நிலைகளில்தான் எதிர்பார்க்கப்படுகிறது.

மலாய்மொழியின் செல்வாக்கையும் சரியாக அளக்க வேண்டும். மலாய் வினைகள் காலம் காட்டுவதில்லை. 'போலே', 'டாப்பாட்' ஆகிய சொற்கள் இயலுமையைக் காட்டும். எக்காலத்து இயலுமை என்பதை 'செமாலாம்', 'டுலு', 'தாடி' போன்ற காலச்சொற்களும் சூழலும் காட்டும். 'காலாவ் சாயா தாஹு, சாயா போலே தோலோங்' என்ற வாக்கியம், தெரிந்தால் உதவ முடியும் என்றும் தெரிந்திருந்தால் உதவியிருக்க முடியும் என்றும் பொருள்படும். இப்பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும்போது 'இஃப் ஐ நோ, ஐ கேன் ஹெல்ப்' என்ற வாக்கியம் கடந்தகாலத்துக்கும் வந்துவிடுகிறது. மலேசியப் பேச்சாங்கிலத்தில் 'கேன்' என்பது மலாயின் 'போலே' போலவே பரந்து இயங்குவதும் இதற்குத் துணை. உள்ளூர் உரையாடலில் இவை புரிதலுக்குத் தடையாக இருப்பதில்லை. வெளிநாட்டு வாசகருக்கான எழுத்தில், நடக்காத ஒன்று நடக்கப்போவதாகப் புரிந்துகொள்ளப்படும்.

மலாயில் தனிவடிவம் இல்லாததை அம்மொழியினரின் சிந்தனைக் குறையாகக் கருதுவது பெரும் பிழை. 1981இல் ஆல்ஃபிரட் புளூம், சீன மொழியில் இத்தகைய வடிவம் இல்லாததால் சீனர் உண்மைக்கு மாறான கற்பனைகளைக் கையாளத் தடுமாறுகிறார்கள் என்று வாதிட்டார். 1983இல் டெரி ஆவ், இயல்பான சீன நடையில் எழுதப்பட்ட கதைகளைக் கொடுத்தபோது சீனமொழியினர் சரியாகவே புரிந்துகொண்டனர் என்று காட்டினார். கற்பனை எல்லா மொழியினருக்கும் உண்டு. வடிவத்தால் காட்டுவதா, சூழலால் காட்டுவதா என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன.

இந்த ஒப்பீட்டில் தமிழ் ஆங்கிலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. இரண்டும் காலத்தை வினையில் காட்டுகின்றன. இரண்டும் கடந்தகால வடிவத்தைக் கற்பனைக்குக் கடன் கொடுக்கின்றன. இரண்டும் நடக்காத கடந்தகாலத்துக்குக் கூடுதலாக ஒரு துணைவினையைச் சேர்க்கின்றன. ஆனாலும் ஜொகூரின் தமிழ் மாணவர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலத்தை மலாய் விளக்கத்தின் வழியாக அணுகும் நிலையும் உண்டு. இவ்வடிவத்தைப் பொறுத்தவரை அது சுற்றுவழி.

கற்பிக்கும் வரிசை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து பயனுள்ள ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற உண்மை நிகழ்வுகளை 'வாஸ் ஏபிள் டு', 'குடன்ட்' ஆகியவற்றோடு இணைக்க வேண்டும். அடுத்து 'செய்திருக்கலாம், ஆனால் செய்யவில்லை' என்ற வாக்கியங்களைக் கொண்டு 'குட் ஹேவ்' தொடரை அறிமுகம் செய்ய வேண்டும். மூன்றாவதாக 'இருந்திருந்தால் முடிந்திருக்கும்' என்ற அமைப்பின் வழியாக 'ஹேட்', 'வுட் ஹேவ் பீன் ஏபிள் டு' ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஊகப் பொருளைக் கடைசியில் 'செய்திருக்கக்கூடும்', 'மே ஹேவ்' என்ற இணையோடு தருவது நல்லது. முதலிலேயே கலந்தால் மூன்று பொருளும் ஒன்றாகக் குழம்பும்.

பயிற்சிக்கு வெறும் கோடிட்ட இடங்களை நிரப்புவதைவிட, ஒரு நிகழ்வை முழுதாகக் கொடுத்து எழுதச் செய்வது சிறந்தது. கோத்தா திங்கியிலும் சிகாமட்டிலும் 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வந்த பெருவெள்ளம் போன்ற, ஊரார் அறிந்த நிகழ்வு இதற்குப் பொருந்தும். யாரால் என்ன செய்ய முடிந்தது, என்ன செய்திருக்கலாம், எது இருந்திருந்தால் எது முடிந்திருக்கும், என்ன நடந்திருக்கக்கூடும் என்ற நான்கு கேள்விகளுக்கும் மாணவர் முதலில் தமிழில் விடை எழுதி, பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு வடிவங்களும் தத்தம் இடத்தில் நிற்கும்.

தமிழ் இலக்கணப் பாடத்தில் 'இரு' என்ற துணைவினையை நன்கு கற்ற மாணவர், ஆங்கிலத்தின் மிகக் கடினமான மோடல் தொடரில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர். தமிழ்ப்பள்ளியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே கட்டடத்தில் பணியாற்றுகிறார்கள். இந்த ஒரு பாடத்தையேனும் இருவரும் சேர்ந்து திட்டமிட்டு நடத்த வேண்டும்.